பொக்லைன் பக்கத்தில் நிற்பவன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. யாரோ வீடு கட்ட, நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குவதாகக் கேலி செய்திருந்தாய். பாதி உண்மைதான். பல நூறு ஆண்டுகளாக மனிதர் விடாமல் குடியிருந்துவரும் இந்தச் சிற்றூரில் யார் கடைக்கால் எடுத்தாலும், மண்ணை அள்ளும்போது தொல்லியலாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கட்டட அனுமதி கிடைக்கிறது; அந்த ஒருவனாக இரண்டு மாதமாகப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறேன்.

அகழாய்வென்றால் எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது என்பதை நாம் முடிவு செய்வோம். இங்கே அதை வீட்டின் வரைபடம் முடிவு செய்கிறது. பள்ளத்தின் அகலம் 60 சென்டிமீட்டர். அதற்கு வெளியே ஒரு பிடி மண்ணைத் தொடவும் எனக்கு உரிமையில்லை. பொக்லைன் ஓட்டுநரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தட்டை விளிம்புள்ளதை மாட்டி, மண்ணை மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். பல் பக்கெட் தரையை உழுதுவிடும். சீவிய தரையிலோ மண் நிறம் மாறும் இடம் துல்லியமாகத் தெரியும்.

மூன்றாம் நாள், முக்கால் மீட்டர் ஆழத்தில், மஞ்சள் களிமண்ணின் நடுவே உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தென்பட்டது. கையை உயர்த்தினேன், இயந்திரம் நின்றது. கரணையால் தரையைச் சுரண்டி, நிறம் எழும்பட்டும் என்று தண்ணீர் தெளித்து, படமெடுத்து, மண்ணின் நிறத்தை அளவிடும் ‘முன்செல்’ வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, வட்டத்தின் ஒரு பாதியை மட்டும் தோண்டினேன். உள்ளே ஆட்டங்கொடுக்காமலிருக்க ஓரத்தில் செருகிய கற்களும், கரித்துண்டுகளும், பொடியாய்ப் போன மரமும் இருந்தன. எவரோ நட்ட கம்பம் இற்று மண்ணாகிய தடம் அது. அதே வரிசையில் சம இடைவெளியில் இன்னும் இரண்டு இருந்தன. நான்காவது இருந்திருக்க வேண்டிய இடம் பள்ளத்தின் சுவருக்கு அப்பால் போய்விட்டது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பொருளைவிட அது கிடந்த இடம்தான் பேசும் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். எது எதை வெட்டிச் செல்கிறது, எதன்மேல் எது படிந்தது என்பதை ஒரே வரைபடமாக்கும் முறையைத் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தார். இத்தனை சின்னப் பள்ளத்துக்கும் அதைத்தான் வரைகிறேன். அதனால்தான் போன வாரம் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இன்னொரு மனையில், நான் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கி, மூன்று மீட்டர் தோண்டி முடித்திருந்தார். குவித்த மண்ணில் அழகான பானை ஓடுகள் கிடந்தன. எந்த அடுக்கிலிருந்து வந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஓடுகளைக் கழுவிக் கொடுக்கவும் செய்தார்; ஒட்டியிருந்த மண்ணும் அதிலிருந்திருக்கக்கூடிய தடயமும் அதோடு போயின, அது இன்னொரு சங்கடம்.

பெரும்பாலான நாள்களில் ஒன்றும் கிடைப்பதில்லை. மனிதர் கைபடாத கன்னிமண் வரை போய், ‘எதுவுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்புகிறேன். அந்தத் தாளும் வேண்டியதே: ஊர் எதுவரை பரவியிருந்தது, எங்கே வயல் தொடங்கியது என்பதை இத்தகைய வெறுங்குழிகள்தாம் காட்டுகின்றன.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு நம்பிக்கையில்லை. பொக்லைன் வந்தபின் தொல்லியலாளரை அழைப்பது காலங்கடந்த செயல். திட்டமிடும்போதே அவரைக் கலந்துகொள்ள வேண்டும், பெரிய திட்டங்களில் அதற்கான செலவையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1992இல் மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒற்றை வீடு கட்டுபவரிடம் அவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைக்குழி போட்டுப் பார்த்திருந்தால், கடைக்காலை ஒரு முழம் நகர்த்தி அந்தக் கம்ப வரிசையை அப்படியே மண்ணுக்குள் விட்டுவைத்திருக்கலாம்.

பக்கத்து மனைக்காரர் அடுத்த மாதம் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் போகிறாராம். என் கணக்குச் சரியானால் நான்காவது கம்பம் அவர் பக்கம்தான் இருக்கிறது. இந்த முறை பொழுது விடியும்போதே போய் நின்றுகொள்வேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்