மேட்டூருக்குப் பக்கத்தில் கீழணையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டத்தைத்தான். முப்பத்தொரு வருடம் கடைமடையில், தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் ஒரு ரெகுலேட்டரில் லஸ்கராக இருந்தவன். ஷட்டர் ஏற்றி இறக்கியே கை காய்த்துப்போனது. அந்த நீர்மட்ட வரிக்குக் கீழே, கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். கேட்பது விவசாயிக்காக இல்லை, தூண்டில்காரர்களுக்காக. சிரிக்காமல் படியுங்கள்.

இப்போது கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு முகத்துவாரத்துக்குச் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்திலிருந்தெல்லாம் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். நல்ல ராடு, நல்ல ரீல், பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீன். எல்லோருக்கும் கொடுவா மீன்தான் வேண்டும். போன சித்திரையில் ஒரு தம்பி மூன்று நாள் தொடர்ந்து வந்து வெறுங்கையோடு திரும்பினான். ஏன் இந்த மாதத்தில் வந்தாய் என்று கேட்டேன். "ஏப்ரல், மேயில்தான் மீன் ஆற்றுக்கு ஏறும் தாத்தா, வீடியோவில் பார்த்தேன்" என்றான். பார்த்தது அமெரிக்க வீடியோ. அதில் வருவது ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற மீன், உடம்பில் ஏழெட்டுக் கருப்புக் கோடு ஓடும்.

அந்த மீனைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் அக்கா மகன் பாஸ்டன் பக்கம் இருக்கிறான். கேப் காட் கால்வாய்க் கரையில் நின்று அதைப் பிடித்துப் படம் அனுப்புவான், கூடவே பாடமும் எடுப்பான். அது கடலில் வாழ்கிற மீன். முட்டையிட மட்டும் வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளுக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் ஏறுகிறது. அதன் முட்டை ஓடுகிற நல்ல தண்ணீரில் மிதந்துகொண்டே பொரிய வேண்டும். முட்டையிட்டதும் கடலுக்கு இறங்கி, இரையைத் துரத்திக்கொண்டு வடக்கே மெய்ன் மாநிலம் வரை போகும். குளிர் தொடங்கினால் தெற்கே திரும்பும். கால்வாயின் கிழக்குக் கோடியில் கடல் எட்டொன்பது அடி ஏறி இறங்குமாம். அதனால் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே தூண்டில் போடலாம்.

நம் கொடுவா இதற்கு நேர் எதிர். குஞ்சாக இருக்கும்போது ஆற்றிலும் கழியிலும் வாய்க்காலிலும் ஏறி, இரண்டு மூன்று வருடம் அங்கேயே வளரும். முட்டையிட வேண்டும் என்றால் கடலை நோக்கி இறங்கும், ஏனென்றால் அதன் முட்டைக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். அப்புறம், நம் கரையில் ஓதம் இரண்டு மூன்று அடிக்கு மேல் இராது. அமாவாசை, பௌர்ணமியில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே இங்கே மீனை நகர்த்துவது ஆற்றுத் தண்ணீர். சித்திரையில் கொள்ளிடத்தில் மணல்தான் கிடக்கும், எந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன் இறங்கும்?

ஷட்டர் மேல் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். அரை அடி தூக்கினால் போதும், கீழே நுரை கிளம்பும். மேலிருந்து உருண்டு வரும் மடவைக் குஞ்சும் இறாலும் திக்குத் தெரியாமல் சுற்றும். கொடுவா அந்த நுரைக்குள் நிற்காது. நுரை அடங்கித் தண்ணீர் திரும்பிச் சுழிக்கிற ஓரத்தில், சுவர் நிழலில், ஓட்டத்தை எதிர்த்து மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இரை வாய்க்கு நேரே வரும் வரை காத்திருந்து ஒரே இழுப்பு, தண்ணீரோடு உள்ளே போய்விடும். காலிப் பானையில் தட்டியது போல் "டொப்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். ராத்திரியில் டார்ச் அடித்தால் கண் செக்கச்செவேல் என்று மின்னும். அந்தி மயங்கும் நேரமும் விடியலுக்கு முந்தின நேரமும்தான் அதற்குச் சாப்பாட்டு வேளை. முகத்துவாரத்திலும் கணக்கு இதுதான்: பாலத்தூண், கல் கொட்டிய கரை, வற்றத்தில் தண்ணீர் வடிகிற வாய்க்கால் முனை. நடு ஆற்றில் வீசி வீசித் தோள்தான் வலிக்கும்.

வெள்ளமே வந்தாலும் நல்லதில்லை. 2024ல் மேட்டூரை ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அடுத்த சில நாளிலேயே அணை நிரம்பி, லட்சம் கன அடிக்கு மேல் வெளியே விட்டார்கள். கொள்ளிடம் செங்காவியாக ஓடியது. அந்த நாட்களில் ஒரு கடி இல்லை. தண்ணீர் வடிந்து, செந்நீரும் கடல்நீரும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நின்றபோதுதான் அந்தக் கோட்டின் ஓரத்தில் மீன் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மே 24லேயே திறந்தார்கள். வருடத்துக்கு வருடம் இப்படி இரண்டு மாதம் முன்பின் ஆகும்போது காலண்டரைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது ஒரு புரட்டாசி சனிக்கிழமை ஒன்பது கிலோ கொடுவா ஒன்று மாட்டியது. வீட்டில் அன்றைக்கு மீன் சட்டி ஏறாது. வாசற்படி தாண்டக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். டீக்கடைக்காரர் வீட்டில் கொடுத்தேன். அவர் வயிற்றைக் கீறியபோது முழங்கை நீளத்துக்கு இரண்டு பட்டைச் சினை. அன்றைக்கு எனக்குப் பெருமைதான், தெருவே வந்து பார்த்தது. கொடுவா பிறவியில் ஆண் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்று நான்கு கிலோ வரை பெரும்பாலும் ஆண், அதற்கு மேல் வளர்ந்தால் பெண்ணாக மாறும். பெரிய மீனைத் தேடித் தேடிப் பிடிக்கிறோம் என்றால் தாய் மீனைத் தேடிப் பிடிக்கிறோம் என்று அர்த்தம். பொரிப்பகத்தில்தான் குஞ்சு கிடைக்கிறதே என்பார்கள் பையன்கள். 1997லேயே சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துவிட்டார்கள், உண்மைதான். அந்தக் குஞ்சு பண்ணைக் குட்டைக்குத்தானே போகிறது?

அக்கா மகன் ஊரில் 2023 முதல் 28 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்ட்ரைப்டு பாஸும் வைத்துக்கொள்ளக் கூடாது, 31 அங்குலம் தொட்டதும் கூடாது. ஆளுக்கு நாளைக்கு ஒன்றுதான். எண்பதுகளில் மீன் அருகிப்போய், மேரிலாந்தில் 1985 முதல் 1990 வரை பிடிக்கவே தடை போட்டிருந்தார்கள். இங்கே சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து கிலோவுக்கு மேல் என்றால் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடலாமே தம்பிகளே. படம் எடுக்கத்தானே வருகிறீர்கள்!

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். மேட்டூர் நீர்மட்டத்துக்குக் கீழே, கீழணையிலிருந்து கொள்ளிடத்தில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும் தினமும் போடுங்கள். இடம் ஒரு வரிதான் பிடிக்கும். அளவுகோல் பார்த்து எழுதி மேலே அனுப்புகிற ஆள் அங்கே இருக்கிறார், நானும் அந்த வேலை பார்த்தவன்தான். அந்த எண் திடீரென்று ஏறினால் தூண்டில்காரன் வீட்டில் இருப்பான். ஏறி, மெல்ல இறங்குகிற வாரத்தில் பழையாறுக்கு வண்டி எடுப்பான். ஆற்றுத் திட்டில் மாடு கட்டியிருப்பவர்களுக்கும் அது உதவும்.

வேலை நேரத்தில் தூண்டில் போட்ட கதையை எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
கொள்ளிடம், மயிலாடுதுறை மாவட்டம்.