‘அத்தான்’ என்றால் பொறு

எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கும், மொரீசியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் மற்ற மிஸ்மாருக்கும் ஐயாமாருக்கும்,

வணக்கம்.

இந்த ஜனவரியில், பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கேக் வாங்கி வைத்திருந்தீர்கள், கட்டிப்பிடித்தீர்கள். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். அந்த அழுகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையும் சிரிப்பும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டிவி விளம்பரத்தில் நாய்க்குட்டி வந்தால்கூட எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது. துக்கம் தனியாக இருக்கிறது. அது பெரும்பாலும் பஸ்ஸில்தான் வரும், சத்தமில்லாமல்.

எனக்கு அடைப்பு வந்தது மூளையின் இடப்பக்கம். வலது கையும் பேச்சும் சேர்ந்து போயின. கை ஓரளவு தேறிவிட்டது. பலகையில் எழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். பேச்சு திரும்பிய விதம்தான் விசித்திரம். முதலில் கிரியோல் வந்தது, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் பேச்சுமொழி. மூன்றாம் வாரமே வீட்டுக்காரரைத் திட்ட முடிந்தது. அப்புறம் பிரெஞ்சு. தமிழைக் காணோம். பல மொழி பேசுகிறவர்களுக்கு எல்லாம் ஒரே சீராகத் திரும்புவதில்லையாம். அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் வரும் என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895இலேயே சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை, எனக்கு நடந்தது. வீட்டில் கிரியோல், பள்ளியிலும் கோயிலிலும் தமிழ். நம்மில் பலருக்கு அப்படித்தானே? ஆனால் இருபத்தாறு வருஷம் தமிழால் சோறு தின்றவளுக்கு அது வெளியே சொல்ல முடியாத வெட்கம்.

வீட்டில் நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதிலுள்ள தமிழ் வரியைப் படிக்கப் பார்ப்பேன். 1998இல் புது நோட்டில் அந்த வரி இந்திக்குக் கீழே போய்விட்டது என்று நாம் கொதித்தோமே, கடைசியில் நோட்டையே திரும்பப் பெற்றார்களே, அதே வரிதான். தெரிந்த முகம், பெயர் மட்டும் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் உங்களிடம் ‘பொறுங்கள்’ என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது ‘அத்தான்’. கிரியோலில் பொறு என்பதற்கு அதுதானே! தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போய்வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒருவரும் பொறுக்கவில்லை. சிரித்து முடித்ததும் என் வாக்கியத்தை யாரோ முடித்து வைத்தீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

இப்படித்தான் ஆறாம் வகுப்பும் போனது. என்னைக் கேட்காமலே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் புத்தகம் எண்ண உட்கார வைத்தார்கள். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. கதவுக்குப் பின்னால் ‘போவ் மிஸ்’ என்று சொல்வதும் நல்லெண்ணம்தான். பாவம் என்பது எந்த மொழியில் வந்தாலும் எனக்குப் புரிகிறது, காதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் ழகரத்தை விழுங்கினால் இப்போதும் உடனே பிடித்துவிடுவேன்.

சோர்வு மட்டும் உண்மை. தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்து, வெயிலில் நடந்து, கோர் தெ கார்த் மலைக்கோயிலில் பால்குடத்தை இறக்கி வைத்ததும் உடம்பு காலியாகிவிடுமே, அது எனக்கு மூன்றாவது பீரியட் முடிந்ததும் வந்துவிடுகிறது. தூங்கி எழுந்தாலும் போவதில்லை. அதனால் காலை வகுப்புகளைக் கொடுங்கள், நாற்காலி ஒன்று போடுங்கள், மதியம் புத்தகம்கூட எண்ணுகிறேன்.

இன்னொன்று. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நானும் அதில் ஒருத்தி. கண்திருஷ்டி என்று சொன்ன அக்காவுக்கு: எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டாயிற்று, டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். கை கொஞ்சம் மரத்தாலே ‘மறுபடியுமா?’ என்று நெஞ்சு பதறுகிறது. அந்த நேரத்தில் ‘ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் பக்கத்தில் வந்து உட்காருங்கள், போதும்.

போன வாரம் மூன்றாம் வகுப்பில் பலாப்பழப் படம் காட்டினேன். ‘ஸாக்’ என்ற கிரியோல் சொல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, தமிழ்ச்சொல் வரவில்லை. முன்வரிசைப் பையன் வாயைத் திறந்தான். பக்கத்துச் சிறுமி அவன் கையைப் பிடித்து, ‘அத்தான்’ என்றாள். வகுப்பே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. பலா வந்தது.

இரண்டாம் தவணையில் ஆறாம் வகுப்பைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். முடியாது என்றால், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.

உங்கள்,
தமிழ் மிஸ்