நிவாரணத்திற்குத் தோள்கொடுத்தோர்க்கு ஒரு நன்றி மடல்

யாங்கூன்
தூய ஆவியார் பெருவிழா, 8 ஜூன் 2025

கிறிஸ்துவில் அன்பார்ந்த சகோதர சகோதரிகளுக்கும், பிற சமயங்களைச் சேர்ந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

மார்ச் 28 அன்று மியான்மரின் சகாயிங்கையும் மாண்டலேயையும் உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்திற்குப் பிறகு, எங்கள் பங்கின் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பத் தொடங்கிய பொருள்கள், பாஸ்கா காலம் (இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் காலம்) நிறைவடையும் இந்நாள்வரை தடையின்றிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதற்கு உதவிய அனைவருக்கும் எழுத்தில் நன்றி கூறும்படி பங்குப் பேரவை என்னைப் பணித்தது.

முதல் நன்றி, மறைக்கல்வி கற்பிக்கும் எங்கள் வேதியர் ஐயாவுக்கு உரியது. உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) பின் அவர் நடத்திய வகுப்புகளில், திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (கடிதத்தில்) உயிர்ப்பைப் பற்றிப் பேசும் 15-ஆம் அதிகாரத்தை வரிவரியாக விளக்கினார். சாவைப் பார்த்து, உன் வெற்றி எங்கே என்று கேட்கும் அந்தப் பகுதியை அடக்கச் சடங்குகளில் கேட்டுப் பழகிய நாம், பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஐயா நிறுத்தவில்லை. ஆண்டவருக்காக உழைப்பது வீண்போகாது என்று அதிகாரம் முடிகிறது. அடுத்த வரியிலேயே பவுல், எருசலேமில் வறுமையில் இருந்த இறைமக்களுக்கான காணிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கி, வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் உயிர்த்த கிழமையில், ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப ஒரு தொகையை எடுத்துவைக்கச் சொல்கிறார். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் இடப்பட்டவை. எழுதிய பவுலுக்கோ உயிர்ப்பும் உண்டியலும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய செய்திகள். நிவாரணம் வேறு, ஆன்மிகம் வேறு என்று எங்களுக்குள் நடந்த வாதம் அன்றோடு ஓய்ந்தது. அது ஓய வேண்டிய வாதம்தான் என்பது என் எண்ணம்.

அந்தக் காணிக்கையை அவ்வாறே செய்துகாட்டியவர்களுள் சந்தை ஓரத்தில் மொகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அக்காவை இங்கே குறிப்பிட வேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரிசியும் எண்ணெயும் விற்கும் விலையில், ஞாயிறு வியாபாரத்தின் இலாபத்தை முழுமையாக எடுத்துவைப்பது எத்தகைய செயல் என்பதை யாங்கூனில் குடும்பம் நடத்துகிறவர்கள் அறிவார்கள். வெளிநாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அனுப்பிய பெருந்தொகைகளுக்கும் நன்றி.

திருப்பலியில் உடலின் உயிர்ப்பை நம்புவதாக அறிக்கையிடுகிறோம். ஆன்மா அழியாது என்று மட்டும் சொல்லியிருந்தால், 40 பாகை வெயிலில் தெருவில் படுத்திருந்தவர்களின் தாகத்தை நாம் இரண்டாம் இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் உயிர்த்த இயேசு திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலைவீசிக் களைத்திருந்த சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் எழுதுகிறார். ஆகவே தண்ணீர்ப் போத்தல்களும் தார்ப்பாய்களும் சுமந்த இளைஞர்களே, நீங்கள் செய்தது உயிர்ப்புக்கு உரிய பணி.

அந்த இளைஞர்கள் ஏப்ரல் 17 அன்று ஒரு பௌத்த மடத்து முகாமில் இருந்தார்கள். அன்று பர்மியப் புத்தாண்டு. நமக்கு, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன். முகாமிலிருந்த பெரியவர்களுக்குப் புத்தாண்டு வழக்கப்படி காலையில் தலை கழுவிவிட்டு, மாலையில் பாதம் கழுவும் வழிபாட்டிற்குச் சென்றார்களாம். பொருள்களை இறக்கி வைக்க மடத்து மண்டபத்தையே திறந்துகொடுத்த சயாதோ (மடத்தின் தலைமைத் துறவி) அவர்களுக்கு எங்கள் பணிவான வணக்கம். நிலநடுக்கம் நிகழ்ந்த அந்த ரமலானின் கடைசி வெள்ளியன்று தொழுகையில் இருந்த உறவினரை இடிபாட்டில் இழந்தும், எங்கள் லாரியை மாண்டலேவரை ஓட்டிவந்த முஸ்லிம் சகோதரருக்கு நன்றி கூற எனக்குத் தகுந்த சொல் கிடைக்கவில்லை.

உறவினரைப் பறிகொடுத்த வீடுகளில் தங்கிய அருட்சகோதரிகளுக்கும் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். உயிர்ப்பை நம்புகிறவர்கள் அழக் கூடாது என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவைக் கண்ட ஆண்டவரும் ஏன் அழுகிறாய் என்று கேட்டாரே ஒழிய, கண்டிக்கவில்லை. உயிர்த்த பின்னும் அவர் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. சகோதரிகள் சமைத்துப் போட்டார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், அடையாள அட்டைகளை இழந்தவர்களோடு வரிசையில் நின்றார்கள், கேட்டவர்களுக்கு மட்டும் செபம் சொன்னார்கள்.

வரவு செலவுக் கணக்கு ஆலய முகப்பில் தமிழிலும் பர்மிய மொழியிலும் ஒட்டப்பட்டுள்ளது. ஐயம் உள்ளவர்கள் பேரவைப் பொருளாளரிடம் கேட்கலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டதால், மீதமுள்ள தொகை முழுவதும் கூரைத் தகடு வாங்கச் செலவிடப்படும். ஞாயிறு காணிக்கை அக்டோபர்வரை தொடரும்.

நன்றியுடன்,
செயலாளர்,
பங்கு நிவாரணக் குழு