ஒத்தை ஆள் கம்பெனிக்காரங்களுக்கும் ஐந்தாவது திருத்தம் வேணும்: அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதிபதிகளுக்கு வணக்கம்.

தனக்கு எதிரா தானே வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கறது உங்க அரசியல் சட்டத்தோட ஐந்தாவது திருத்தம் தர்ற ஒரு உரிமை. அதைச் சொல்லி கம்பெனி கணக்கைக் கொடுக்க மறுக்க முடியாதுன்னு 1988ல உங்க கோர்ட் கொடுத்த பிராஸ்வெல் தீர்ப்பை தயவுசெஞ்சு மறுபடி எடுத்துப் பாருங்கன்னு கேக்கத்தான் இதை எழுதுறேன்.

பிராஸ்வெல் மிசிசிப்பில மெஷின், நிலம், மரம்னு வாங்கி வித்துக்கிட்டிருந்தவர். 1965லேர்ந்து 1980 வரைக்கும் சொந்தப் பேர்லதான் தொழில், அப்புறம்தான் ரெண்டு கம்பெனியா ரிஜிஸ்டர் பண்றாரு, அந்த மாநில சட்டப்படி மூணு டைரக்டர் வேணுங்கறதால மனைவியையும் அம்மாவையும் பேருக்குப் போட்டாரு, ரெண்டு பேருக்கும் தொழில்ல ஒரு அதிகாரமும் கிடையாது. 1986ல கம்பெனி கணக்கையெல்லாம் கொண்டு வான்னு கிராண்ட் ஜூரிகிட்டேர்ந்து, அதாவது ஒருத்தர் மேல குற்ற வழக்கு போடலாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழுகிட்டேர்ந்து, சம்மன் வருது.

கணக்கை எடுத்து நீட்டினாலே 'இப்படி ஒண்ணு இருக்கு, என் கையிலதான் இருக்கு, அசல்தான்'னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. அது வாக்குமூலத்துக்குச் சமமாகலாம்னு நீங்களே 1976 ஃபிஷர் கேஸ்ல சொன்னீங்க, 1984ல சொந்தப் பேர்ல தொழில் பண்ண ஒருத்தருக்கு அந்தப் பாதுகாப்பையும் கொடுத்தீங்க. பிராஸ்வெல்லுக்கு மட்டும் 5-4 ஓட்டுல கிடையாதுன்னுட்டீங்க. அதே மனுஷன் 1980க்கு முன்னாடி மாட்டியிருந்தா தப்பிச்சிருப்பாரு, இது என்ன நியாயம்?

கம்பெனிக்கு இந்த உரிமை இல்லைன்னு 1906 ஹேல் கேஸ்லேர்ந்தே இருக்கு, பெரிய கம்பெனிங்க விஷயத்துல அது சரிதான், இல்லைன்னா ஒவ்வொரு அதிகாரியும் உரிமைன்னு சொல்லிக்கிட்டே ஃபைலை அமுக்கிடுவாங்க. நான் கேக்கறது ஒத்தை ஆளா கம்பெனி நடத்தறவங்களுக்கு மட்டும்.

இவர்தான் கணக்கைக் கொடுத்தார்னு அரசு வக்கீல் அப்புறம் நடக்கற வழக்கு விசாரணைல ஜூரிகிட்ட சொல்லக்கூடாதுன்னு பிராஸ்வெல் தீர்ப்புல ஒரு பாதுகாப்பு வச்சிருக்கீங்க, ஆனா கம்பெனில இருக்கறதே ஒரே ஆளுன்னா ஜூரிக்கு யாரும் சொல்லணுமா என்ன, அவங்களுக்கே புரிஞ்சிடாதா? இந்தச் சந்தேகம் உங்களுக்கும் இருந்திருக்கு, அதனாலதான் அதே தீர்ப்போட 11வது அடிக்குறிப்புல 'ஒரே ஊழியர், ஒரே அதிகாரின்னா என்ன செய்யறதுங்கறதை இப்போ முடிவு பண்ணல'ன்னு விட்டு வச்சீங்க. இத்தனை வருஷம் ஆச்சு, பதிலைக் காணோம். கீழ்க் கோர்ட்டுகளும் அந்தக் கதவைத் திறக்கல, 2018ல ஒன்பதாவது சர்க்யூட்ங்கற மேல்முறையீட்டு கோர்ட், கம்பெனி எவ்வளவு சின்னதா இருந்தாலும் இந்த உரிமை கிடையாதுன்னுடுச்சு.

கிராண்ட் ஜூரி கூடற அறை சாட்சியோட வக்கீலைக்கூட உள்ள விடாத அறை. அங்க தனியா நிக்கற ஆளுக்கு கைல இருக்கற ஒரே பிடி இந்த உரிமைதான், ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பருக்காக அதைப் பறிக்காதீங்க. அடுத்து இப்படி ஒரு மனு வந்தா தள்ளிடாம விசாரணைக்கு எடுங்க, 11வது அடிக்குறிப்புக்கு ஒரு பதில் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க தீர்ப்புகளை விடாம படிக்கற ஒரு வாசகன்