பதினேழு கிலோ பெயிண்டும் ஒரு மஞ்சள் காமாலையும்

முட்டம்
ஆடி 12

அன்புள்ள அந்தோணி,

நீ கடைசியாக எழுதியது ஈஸ்டருக்கு. அதற்குப் பதில் போடாமலே ஆடி பிறந்துவிட்டது. "காமாலை இன்னும் உயிரோடு இருக்கிறானா?" என்று ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டாயாம். இருக்கிறேன் மக்கா. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, வலது முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகம். மைனிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டுச் சந்தோஷம்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மருமகனுடைய வள்ளம். ஜெரால்டுதான், என் அக்காள் மகன். கடல் முரட்டில் நிற்பதால் வள்ளத்தைக் கரையேற்றிப் போட்டுவிட்டு, பெயிண்ட் அடிக்க வேண்டும், வந்து பாருங்கள் மாமா என்றான். போய்ப் பார்த்தேன். 28 அடி ஃபைபர் வள்ளம். வாங்கிய நாளிலிருந்து திருவிழாவுக்குத் திருவிழா பழசின் மேலேயே புதுசு பூசி வைத்திருக்கிறான். ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் மறுபடி நீலம். ரெண்டு வருஷமாக வள்ளம் இழுக்கவில்லை, மண்ணெண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

முதலில் சுரண்டடா என்றேன். மூன்று நாள் முனகிக்கொண்டே சுரண்டினான். சுரண்டியதை எல்லாம் சாக்கில் கட்டி, மீன் ஏலக்காரரின் தராசில் தூக்கி வைத்தோம். 17 கிலோ! கொஞ்சம் புட்டிப் பசையும் சிப்பியும் சேர்ந்திருக்கும், சரி. ஆனாலும் ஒரு மூடை நெத்திலியை வேலையில்லாமல் வருஷம் முழுக்கக் கடலில் சுற்றிக்காட்டியிருக்கிறான் பயல்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், விமானப்படையில் விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்த என்னிடம் "வெள்ளையடிக்கிறவனுக்குப் பட்டாளத்தில் என்ன உத்தியோகம்" என்று இத்தனை வருஷம் நீ கேட்ட கேள்விக்குக் கணக்கு வாத்தியார் பாஷையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடு.

பூச்சு காய்ந்தபின் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று என்று வை. ஒரு சதுர மீட்டருக்கு 100 கன சென்டிமீட்டர் ஆகிறது. கன சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டால் 150 கிராம். நூறு சதுர மீட்டர் மேல்பரப்புள்ள சின்னப் போர் விமானம் என்றால் 15 கிலோ. இதெல்லாம் ஒரு எடையா என்பாய். மிக்-21 கிளம்பும்போது எட்டு டன்னுக்கு மேல் இருக்கும், அதில் 15 கிலோ வெறும் தூசி. ஆனால் ஜெரால்டு மாதிரி பழசை உரிக்காமல் மேலே மேலே அடித்தால் 15, 30 ஆகும், 30, 45 ஆகும். அதனால்தான் உரித்துவிட்டு அடிப்பதும், அடித்தபின் விமானத்தை எடை போட்டு ஏட்டில் எழுதுவதும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். வானம் தங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது, இனி ஒளிய வேண்டாம் என்று தோன்றியதும் பச்சைப் பூச்சை விட்டுவிட்டார்கள். 1944இல் தொழிற்சாலையிலிருந்து வந்ததில் பெரும்பாலானவை பெயிண்டே இல்லாத வெள்ளி விமானங்கள்தான். பெரிய குண்டுவீச்சு விமானத்தில் 70, 80 ராத்தல் (பவுண்டு) மிச்சம் என்று கணக்கு. ஆளுக்கும் நேரத்துக்கும் ஆன செலவு மிச்சமானது தனி. கடற்படைக்காரன் மட்டும் உரிக்கவில்லை. உப்புக்காற்றில் அலுமினியம் என்ன பாடு படும் என்று அவனுக்குத் தெரியும். முட்டத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவனுக்கும் தெரியும்.

நான் ரசிப்பது இதற்கு அடுத்த கூத்தை. அதே காலத்தில் முஸ்டாங் என்று ஒரு சண்டை விமானம். உடம்பெல்லாம் வெறும் உலோகம். ஆனால் இறக்கைக்கு மட்டும் ரிவெட் ஆணித் தலைகளையும் தகடு சேரும் இடுக்குகளையும் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தே அனுப்பினார்கள். வேகத்துக்காக ஓரிடத்தில் பெயிண்டை எடுத்தான், அதே வேகத்துக்காக இன்னோரிடத்தில் பூசினான். காற்று அந்த இறக்கையின் மேல் கலங்காமல் வழுக்கிப் போக வேண்டும். ஒரு ரிவெட் தலை துருத்தினாலும் கலங்கிவிடும். எடை கூடினால் பரவாயில்லை, சொரசொரப்பு மட்டும் கூடாது. ஆரல்வாய்மொழியில் காற்றாலை பார்க்கும் நம்ம பிரான்சிஸிடம் கேள், இறக்கையின் முன் விளிம்பு அரித்துப்போனால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று கதை கதையாகச் சொல்வான்.

இங்கிலாந்துக்காரன் இன்னொரு வழியில் பட்டான். ராத்திரி விமானம் கண்ணில் படக்கூடாது என்று அடுப்புக்கரி மாதிரி மங்கலான, சொரசொரப்பான கறுப்பைப் பூசினான். வேகம் குறைந்தது. பிற்பாடு வழவழப்பான பூச்சுக்கு மாறினார்கள். அமெரிக்கர்கள் சோதித்துப் பார்த்ததில், தேடுவிளக்கில் சிக்காதது மங்கல் கறுப்பு இல்லை, கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு! அவர்களுடைய பி-61 ராத்திரி விமானத்துக்கு அதைத்தான் அடித்தார்கள். பளபளப்பில் ஒளி ஒரு பக்கமாகத் தெறித்துப் போய்விடும், மங்கல் பூச்சு நாலாபக்கமும் சிதறி விளக்குக்காரனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டி தெரியுமில்லையா, அதற்கு 1981இல் முதல் இரண்டு தடவை மட்டும் வெள்ளைப் பெயிண்ட். மூன்றாவதிலிருந்து பூசவில்லை. 272 கிலோ மிச்சம். அந்தத் தொட்டி ஆரஞ்சு நிறத்தில் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். இதைச் சொன்ன பிறகுதான் ஜெரால்டு முனகுவதை நிறுத்தினான்.

சரி, வள்ளத்தை விடு.

விமானத்தில் எடை எவ்வளவு கூடியது என்பதை விட எங்கே கூடியது என்பதுதான் கேள்வி. வாலில் மேலும் கீழும் ஆடும் மடிப்பு இருக்கிறதே, எலிவேட்டர், அது கீலில் தொங்குவது. கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துப் பின்பக்கத்தோடு சமன் செய்திருப்பார்கள், கிணற்றுத் துலா மாதிரி. அந்த மடிப்புக்குப் பெயிண்ட் அடித்தால் பெரும்பாகம் கீலுக்குப் பின்னால்தான் விழும். பின்னால் 30 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் கூடினால், முன்னால் 10 சென்டிமீட்டரில் 300 கிராம் ஈயம் வேண்டும். சமன் தவறினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மடிப்பு படபடவென்று தானாக அடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடியும் முந்தினதை விடப் பெரிது. விமானி என்ன ஏது என்று பார்ப்பதற்குள் வாலே பிய்ந்துவிடலாம். அதனால் அடித்தபின் கழற்றி, ஸ்டாண்டில் வைத்து, சமன் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். அடித்தவன் போடும் கையெழுத்தும் அதற்குத்தான்.

1987 கடைசி. வடக்கே ஒரு தளம், பெயர் வேண்டாம். பயிற்சி விமானம் ஒன்றின் எலிவேட்டரில் சின்ன ரிப்பேர் முடிந்து பெயிண்ட் அடித்தேன். ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பார்த்தால் ஓரத்தில் பெயிண்ட் ஒழுகியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று தேய்த்துவிட்டு மேலே இன்னும் ரெண்டு கை அடித்தேன். மறுபடி ஸ்டாண்டில் வைக்கவில்லை. குளிர், பசி, மெஸ் மூடும் நேரம். காலையில் மாட்டிவிட்டார்கள். நான் அங்கேதான் நின்றேன் அந்தோணி. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஏறும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நாற்பது நிமிஷம் பறந்தான். அந்த நாற்பது நிமிஷமும் நான் டார்மாக்கில் ஜெபமாலை சொன்னேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லபடியாக இறங்கினான். நேராக வாரண்ட் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். கழற்றி வைத்துப் பார்த்தார்கள். பின்பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் தீப்பெட்டி அளவு ஈயம் குறைவாக இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த ஈயத்துண்டை என் கையில் வைத்து, "இன்றைக்கு முழுக்க இதைக் கீழே வைக்காதே" என்றார். விசாரணை நடந்தது. லீவு ரத்து.

அந்த லீவில்தான் உன் கல்யாணம்.

மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று உனக்கு எழுதினேன். மாப்பிள்ளைத் தோழன் இல்லாமல் கோயிலில் நின்றாய். அன்றிலிருந்து எனக்குக் காமாலை என்று பேர் வைத்தாய், ஊரே கூப்பிட்டது, ஸ்டெல்லா கூடக் கூப்பிடுகிறாள். காமாலை எனக்கு வந்ததே இல்லை மக்கா. கீழாநெல்லியை அரைத்து நீ பார்சலில் அனுப்பினாயே, பூசணம் பிடித்து வந்தது, அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் ரெண்டு மாசம் பெட்டியில் வைத்திருந்தேன்.

சாக்கைத் தராசில் தூக்கி வைத்தபோது அந்த ஈயத்துண்டின் கனம் கையில் வந்துவிட்டது. அதுதான் உறக்கம் வரவில்லை. மைனியிடம் நீயே சொல்லிவிடு. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து உட்காருவார்கள்.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாயே, டிசம்பர் 3 வரை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. போன தடவை போல ரெண்டு நாளில் ஓடாதே. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் ஸ்டெல்லா பொறுப்பு. வள்ளம் அதற்குள் இறங்கிவிடும். ஒரே ஒரு பூச்சு, வெள்ளை என்று நான் சொல்கிறேன். சிவப்பு, அதன் மேல் மஞ்சள் கோடு, அதன் மேல் மாதா படம் என்று ஜெரால்டு நிற்கிறான். மாதா படத்துக்கு மட்டும் சம்மதித்திருக்கிறேன்.

அன்புடன்,
வின்சென்ட்

பி.கு: பிரான்சிஸ் உன்னிடம் வாங்கிய ஐயாயிரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. என்னிடமும் வாங்கியிருக்கிறான்.