பெங்காசித் தாக்குதலும் பொறுப்பேற்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லிபியாவின் பெங்காசி நகரில் 2012 செப்டம்பர் 11 இரவு அமெரிக்கத் தூதரக அலுவலக வளாகத்துக்குள் புகுந்தவர்கள் டீசலை ஊற்றித் தீ வைத்ததில், பாதுகாப்பு அறைக்குள் ஒதுங்கியிருந்த தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் கரும்புகையில் மூச்சுத் திணறி இறந்தார். அன்றிரவும் விடியற்காலையிலும் நடந்த தாக்குதல்களில் மேலும் 3 அமெரிக்கர்கள் பலியாயினர். ஜூன் மாதமே அதே வளாகத்தின் மதிற்சுவரில் வெடிகுண்டு வைத்துப் பெரிய ஓட்டை போட்டிருந்தார்கள் என்பதும், பாதுகாவலர்களைக் கூட்டித் தருமாறு லிபியாவிலிருந்து சென்ற கோரிக்கைகளுக்கு வாஷிங்டன் செவிசாய்க்கவில்லை என்பதும் நெஞ்சைப் பிசைகின்றன. சுவர் உடைந்த பிறகும் வேறென்ன எச்சரிக்கை வேண்டியிருந்தது?

தாமஸ் பிக்கரிங் தலைமையிலான விசாரணைக் குழு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2 பிரிவுகளில் மேல்மட்ட நிர்வாகமே தவறியதாக டிசம்பரில் அறிக்கை அளித்தது. ஆனால் தனியொருவர் கடமை மீறியதாகச் சொல்லவில்லை. அறிக்கையை அடுத்துக் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்ட அத்துறையின் 4 அதிகாரிகளும் 2013 ஆகஸ்டில் பணிக்கு அழைக்கப்பட்டனர். பொறுப்பேற்பதாக அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் கூறியது மட்டும் போதாது. தூதரகங்கள் கேட்கும் பாதுகாப்பை மறுக்கும் அதிகாரி, எந்த நாட்டவராயினும், மறுப்புக்கான காரணத்தைத் தம் கையொப்பத்துடன் எழுதி வைக்க வேண்டுமெனச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.