குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் வாட்ஸ்அப்பில் வரும்; அதையாவது படிக்கட்டும்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். பொங்கல் போட்டிகள் நடந்தன. மேல்நிலைத் தொட்டி இருமுறை கழுவப்பட்டது. தெருவிளக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, சனிக்கிழமைக் கூட்டுக் காய்கறிக் கொள்முதல். "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வேண்டிய காய்களை எழுதிய சீட்டை வியாழன் இரவு 8 மணிக்குள் தர வேண்டும். சனி அதிகாலை சிங்காநல்லூர் உழவர் சந்தையில் வாங்கி, 7 மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பிரித்துக் கொடுக்கிறோம். சீட்டு எழுதுமுன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கவும் என்பது முதல் விதி. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம் வேண்டும். நால்வர் வீட்டுக்கு வாரம் 11 கிலோ. நமக்கு வரும் பல சீட்டுகளில் அதில் பாதிகூட இல்லை, ஆனால் கொத்தமல்லி நான்கு கட்டு! புதன்கிழமை அது அழுகி உரத்தொட்டிக்கு வருகிறது. வேரை நறுக்கி, கழுவாமல், ஈரம் போக உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். முதல் இரண்டு நாள் கீரை, அடுத்து வெண்டை, கத்தரி, கடைசியில் பூசணி, சேனை என்று சமைத்தால் எதுவும் வீணாகாது. வெங்காயத்தை உருளைக்கிழங்குக் கூடையில் கொட்டினால் அதன் ஈரத்தில் வெங்காயம் அழுகும். தீட்டாத சாமையை மாதத் தேவைக்கு மேல் வாங்கினால் தவிட்டு எண்ணெய் காறிப்போகும்; இதை மொத்தமாக வாங்கிப் பார்த்துத்தான் கற்றோம்.

உரத்தொட்டி நாறுகிறது என்று எழுத்துமூலம் புகார் வந்தது. ஒரு வாளி காய்க்கழிவுக்கு ஒரு வாளி காய்ந்த சருகு, ஒரு கை புளித்த மோர், வாரம் ஒருமுறை கிளறல். இப்படிச் செய்தால் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரமாகிவிடும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. யாரோ அதில் மீன் குழம்பையும் மிஞ்சிய சாம்பாரையும் ஊற்றியிருக்கிறார்கள். நீர் தேங்கிக் காற்று போகாவிட்டால் நாறாமல் என்ன செய்யும்?

சீட்டு கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடும் வீடுகளும் உண்டு. எடுக்காத கீரையைக் காவலாளியிடம் கொடுத்துவந்தோம். இப்போது அவரும் போதும் என்கிறார்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. செலவு சற்றுக் கூடுதல். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். காய் பாக்கிக்குத் தனி நோட்டு உண்டு.

தலைவர், பொருளாளர், துப்புரவுப் பணியாளர்கள், சருகு கூட்டித் தந்த பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு சனிக்கிழமை அதிகாலையில் வண்டியேற இருவர் தேவை. ஒருவரே எத்தனை நாள் மூட்டை தூக்குவது? செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் நோட்டையும் தராசையும் இன்றே ஒப்படைக்கலாம். தராசு கிலோவுக்கு 50 கிராம் குறைத்துக் காட்டுகிறது. காய்க் கணக்கில் விழும் துண்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிக்கு,
செயலாளர்